சார் வந்திருக்காங்க

செங்கத்தைத் தாண்டி, மலையடியில் நான்கு ஓட்டு வீடுகள் கொண்ட ஆசிரமம் ஒன்று இருந்தது. அதை நடத்திவந்த மாதாஜிக்கு நாற்பத்தாறு வயது. அவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட தில்லைநாயகிக்கு ஐம்பத்தெட்டு. இந்த வித்தியாசம் இருவரையும் தொந்தரவு செய்ததில்லை.

தில்லைநாயகி வேலூரில் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். கணவன் விட்டுப்போன பெண்கள், படிப்பைப் பாதியில் நிறுத்திய பெண்கள் அங்கே வருவார்கள். கணினியில் பில் போடுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, நேர்காணலில் பதில் சொல்வது என்று மூன்று மாதம் பயிற்சி. பிறகு வேலை. ஒன்பது வருடமாக இது நடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆசிரமத்துக்கு வந்தபோது மாதாஜி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகியும் ஒரு முறத்தை இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஒரு குழந்தை விஷயமா வந்தேன் மாதாஜி.”

“சொல்லுங்க.”

“செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. புருஷன் இல்ல. அஞ்சு வயசுல ஒரு பொண்ணு, தர்ஷிகா. பாத்துக்க ஆளில்லாம வகுப்புக்கே கூட்டிட்டு வருவா. அது கடைசி பெஞ்சுக்கு அடியில உட்கார்ந்து படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கும்.”

“சரி.”

“ஒரு பெரிய ஜவுளிக்கடையில நிறைய பேரை எடுக்கிறாங்க. ஆனா கைக்குழந்தை, சின்னக் குழந்தை இருந்தா எடுக்க மாட்டாங்க. அடிக்கடி லீவு போடுவாங்களாம். அதனால நாங்க ஒரு பதிலைப் பழக்குவோம். குழந்தை இருக்கான்னு கேட்டா, ‘இல்ல சார்’. யோசிக்கக் கூடாது. தலை குனியக் கூடாது.”

“எத்தனை நாள் பழக்குவீங்க?”

“மத்தவங்களுக்கு ரெண்டு நாள். செண்பகத்துக்கு மூணு வாரம் ஆச்சு. சொல்லும்போதெல்லாம் திரும்பி பெஞ்சைப் பாத்துடுவா. கூட இருக்கிறவளுங்க விட மாட்டாளுங்க. ‘ஏண்டி, சார் இங்க இருக்காரு, உனக்கு அங்க என்னடி வேல’ன்னு ஒரே கிண்டல்.”

வேலை கிடைத்தது. இரண்டாம் மாதம் ஒரு நாள், மகளோடு கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்த செண்பகத்துக்கு எதிரே கடை மேலாளர் வந்தார். அவர் குனிந்து குழந்தையிடம், ‘யாரு பாப்பா நீ? இவங்க உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்டார்.

‘எங்க அக்கா’ என்றது குழந்தை.

“யாரும் சொல்லித்தரல மாதாஜி. அதுவா சொல்லிச்சு. செண்பகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சாம். அன்னைக்கு அதுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்திருக்கா.”

“அப்புறம்?”

“அப்புறம் அது மாறவே இல்ல. வீட்டுலயும் அக்கா. பசிச்சாலும் அக்கா. போன மாசம் காய்ச்சல்ல கெடந்தப்பகூட அக்கா அக்கான்னுதான் முனகிச்சாம். செண்பகம் நேரா எங்க ஆபீசுக்கு வந்துட்டா. ‘தொடங்கி வெச்சது நீங்க மேடம், நீங்களே வந்து முடிச்சு வைங்க’ன்னா.”

“போனீங்களா?”

“போனேன். ஒரு பொம்மை வாங்கிட்டுப் போனேன். பக்கத்துல உட்கார வெச்சு, ‘கண்ணு, அதெல்லாம் வகுப்புல சும்மா சொன்னது. இவங்கதான் உன் அம்மா. அம்மான்னு கூப்பிடு’ன்னு சொன்னேன்.”

“கூப்பிட்டுச்சா?”

“பொம்மையைத் தொடக்கூட இல்ல. செண்பகத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டு அவ காதுல என்னமோ சொல்லிச்சு. என்னன்னு கேட்டேன். செண்பகம் சொல்லல. வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்தா. அப்பதான் சொன்னா.”

தில்லைநாயகி கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

“‘அக்கா, சார் வந்திருக்காங்க’ன்னு சொல்லிச்சாம். எந்த சார்? அந்த வீட்டுல அப்ப ஆம்பளையே இல்ல.”

மாதாஜி முறத்தை நகர்த்தினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வகுப்புல அந்தக் கேள்வியைக் கேக்கிறது யாரு?”

“நான்தான். மேஜைக்குப் பின்னால உட்காருவேன். நிஜ நேர்காணல் மாதிரி இருக்கணும்னு என்னையே சார்னு கூப்பிடச் சொல்லி...”



“எனக்கு ஒரு தடவை அந்த நேர்காணலை நடத்துங்க” என்றார் மாதாஜி.

“இப்பவா?”

“இப்பத்தான்.”

தில்லைநாயகி தயங்கினார். பிறகு பழக்கத்தில் முதுகு நேரானது. குரலும் மாறியது.

“பேரு?”

“செண்பகவல்லி சார்.”

“படிப்பு?”

“பத்தாவது சார்.”

“குழந்தை இருக்கா?”

“இருக்கு சார். ஒரு பொண்ணு. அஞ்சு வயசு.”

“அப்படிச் சொல்லக் கூடாது. மறுபடி சொல்லு.”

சொன்ன பிறகுதான் அது தில்லைநாயகியின் காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் குருவிடம் அவர் ஒருமையில் பேசியது அதுவே முதல் முறை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அந்தக் கடை மேலாளரை உங்களுக்குத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும். எங்க ஆண்டு விழாவுக்கெல்லாம் வருவார். மேடையில என் பக்கத்துலதான் உட்காருவார்.”

“குழந்தை இருக்கிறவங்களையும் எடுத்துக்கங்கன்னு அவர்கிட்ட கேட்டிருக்கீங்களா?”

“கேட்டா, எங்க பொண்ணுங்க யாரையுமே எடுக்காம விட்டுடுவாரோன்னு ஒரு பயம்.”

“கேட்டீங்களா?”

“இல்ல மாதாஜி.”

“ஒன்பது வருஷத்துல?”

“ஒரு தடவைகூட இல்ல.”

வெளியே யாரோ பசுவை ஓட்டிக்கொண்டு போனார்கள். தில்லைநாயகி கீழே வைத்த புளியை மறுபடி கையில் எடுத்தார்.

“நாளைக்கே வகுப்புல அந்தக் கேள்வியை எடுத்துடுறேன். அது என்னால முடியும். ஆனா அந்தக் குழந்தை? அம்மான்னு கூப்பிடவே அது மறந்துடுச்சா மாதாஜி?”

மாதாஜி முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“அது எதையும் மறக்கல. சார் போகட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு.”