பாறையன் முதுகில் உண்ணி

பாறையன் கூட்டத்தைப் பிரிந்து வந்த ஒற்றை யானை. குளக்கரையில் தனியாகக் கிடந்தான். குளத்து நடுவே ஒரு மண்திட்டு. அதில் ஒரே ஒரு மருதமரம். மேலே கொக்குகள், வேரடி வளைகளில் கீரிகள்.

கொக்குகள் தினமும் வந்து அவன் முதுகில் உண்ணி பொறுக்கும். கீரிகள் அவன் பக்கம் பாம்பை அண்டவிடாது. பாவம், பேச்சுத்துணைக்கு அவனுக்கு வேறு யார் இருந்தார்கள்?

திடீரென்று திட்டில் சண்டை மூண்டது. கொக்கு எச்சம் வளைக்குள் விழுகிறது என்று கீரிகளுக்குக் கோபம். கீரிகள் முட்டையைத் திருடுகின்றன என்று கொக்குகளுக்கு ஆத்திரம்.

கொக்குத் தலைவி அல்லி பறந்து வந்தாள். "அண்ணா, நீங்கதான் எங்களைக் காப்பாத்தணும்!"

"பயப்படாதே தங்கச்சி!" பாறையன் முள் சுள்ளிகளை ஒடித்துக் கொடுத்தான். "மரத்தைச் சுத்திச் செருகி வை. கீரிங்ககிட்ட மூச்சு விடாதே!"

மறுநாள் கீரித் தலைவன் முறுக்கன் நீந்தி வந்தான். "அண்ணே, மரமெல்லாம் முள்ளு! ஏற முடியல!"

பாறையன் ஒரு நீளக் கட்டையைத் தண்ணீரில் தள்ளிவிட்டான். "இதைச் சாத்தி ஏறிக்கோ தம்பி. கொக்குங்களுக்குத் தெரிய வேண்டாம்!"

இருவரும் மாறி மாறி வந்தார்கள். பாறையனுக்கு ஒரே குஷி. இவங்க சமாதானமாயிட்டா என்னை யாரு தேடி வரப்போறாங்க என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் சண்டை கைமீறியது. முட்டைகள் நொறுங்கின. ஒரு கீரிக்குட்டிக்குக் கண்ணே போய்விட்டது. அலறல் குளக்கரை வரை கேட்டது. பாறையன் எழுந்தான்.

"போதும்! நானே வந்து தீர்த்து வைக்கிறேன்!" என்று குளத்தில் இறங்கினான்.

அடேயப்பா! அந்த உடம்பை ஈரத்திட்டு தாங்குமா? அவன் ஏறி நின்றதும் மண் சரிந்தது. மருதமரம் வேரோடு சாய்ந்தது. கூடும் போச்சு, வளையும் போச்சு!

சாய்ந்த மரத்தருகே கிடந்த கட்டையை அல்லி பார்த்தாள். "இதை உனக்கு யார் கொடுத்தது?"

"அண்ணன்தான். உனக்கு இந்த முள்ளை?" என்றான் முறுக்கன்.

"அதே அண்ணன்தான்."

"உங்க நல்லதுக்குத்தானே..." என்று இழுத்தான் பாறையன். கொக்குகள் வடக்கே பறந்தன. கீரிகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு தெற்கே போயின.

இப்போது குளக்கரையில் சத்தமே இல்லை. பாறையனுக்கு முதுகெல்லாம் உண்ணி கடிக்கிறது. நடுமுதுகுக்குத் தும்பிக்கை எட்டவில்லை. "தங்கச்சி! தம்பி!" என்று கூப்பிட்டுப் பார்க்கிறான். அவன் குரல்தான் தண்ணீர் மேல் போய்த் திரும்பி வருகிறது.

அண்டை வீட்டுச் சண்டையில் இரண்டு பக்கமும் விறகு போடுகிறவனுக்குக் கடைசியில் அண்டை வீடே இருக்காது.