மூக்காயி தேடிய கல்லூரி

உண்ணிச்செடி மண்டிக் கிடந்த ஒரு காட்டில் மூக்காயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. நடுத்தர வயது. பிள்ளைகள் வளர்ந்து தனி வளை பார்த்துப் போய்விட்டன.

உண்ணிச்செடி பார்க்க அழகுதான், குழந்தைகளே. மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் குலுங்கும். ஆனால் அது படர்ந்த இடத்தில் புல் முளைக்காது, கிழங்கு இறங்காது. மூக்காயியின் சரிவில் பாதியை அது விழுங்கிவிட்டது. மீதியும் போனால் மூக்காயி காட்டைவிட்டே கிளம்ப வேண்டியதுதான்.

"காட்டைக் காக்கும் படிப்பு படிக்கப் போகிறேன்" என்றது ஒருநாள்.

அவ்வளவுதான். ஆளாளுக்கு வந்துவிட்டார்கள்.

"மலையுச்சியில மயில் நடத்துற கல்லூரிக்குத்தான் பேரு! கண்ணை மூடிக்கிட்டுச் சேரு அக்கா. கிளையில உட்கார்ந்தே பாடம் கேட்கலாம்" என்றது குரங்கு.

"எனக்கு மரம் ஏற வராதேப்பா."

"பழகிக்கோ!"

"ஓடைக்கரையில காட்டுப்பன்றி நடத்துதே, அந்தக் கல்லூரி?"

"சீச்சீ, ஒரே சேறு!" என்றது குரங்கு.

ஆமை மெல்லத் தலையை நீட்டியது. "அவசரப்படாதே தங்கச்சி. ஒரு நூறு வருஷம் நிதானமா யோசி."

"நான் நூறு வருஷம் இருக்க மாட்டேனே அண்ணே!"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

இரவெல்லாம் இரை தேடிவிட்டு விடியலில் வந்து படுத்தால், வளை வாசலில் யாராவது ஒருவர் யோசனையோடு நின்றார்கள். கடைசியில் மூக்காயியின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"நிறுத்துங்க! உங்கள்ல யாராவது ஏதாவது ஒரு கல்லூரி வாசலையாவது மிதிச்சிருக்கீங்களா?"

குரங்கு முதுகைச் சொறிந்தது. "நான் எதுக்குப் போகணும்? யோசனை மட்டும்தான் நம்ம வேலை."

மூக்காயி தலையில் அடித்துக்கொண்டு மலையேறியது. உச்சியில் ஒரு மைனா கிளையில் அமர்ந்து பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, உண்ணிச்செடியை எப்படி ஒழிக்கிறது?"

"அது மூன்றாம் ஆண்டுப் பாடம்."

"நீ எந்த ஆண்டு?"

"மூன்றாம் ஆண்டு."

"அப்புறம் என்ன? சொல்லு."

"அன்னிக்கு மயில் ஐயா தோகை விரிச்சார். பாடம் நடக்கலை."

மூக்காயி பெருமூச்சு விட்டு ஓடைக்கரைக்கு இறங்கியது. அங்கே காட்டுப்பன்றி ஓர் உண்ணிச்செடிப் புதருக்கடியில் தலையை நுழைத்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. காதுவரை சேறு அப்பிய ஒரு கிழட்டு முயல் பக்கத்தில் நின்று தண்டை இழுத்துக்கொண்டிருந்தது.

"இங்கே சேர வயசு வரம்பு உண்டா?" என்று கேட்டது மூக்காயி.

"எனக்குப் பேரப்பிள்ளை இருக்கு. அதெல்லாம் அப்புறம் கேளு தாயி! முதல்ல இந்த வேரைக் கடி" என்று மூச்சு வாங்கியது முயல்.

மூக்காயி கடித்தது. வேர் படக்கென்று அறுந்தது.

"அப்படியே தலைகீழாப் புரட்டிப் போடு. வேர் மண்ணைத் தொட்டா மறுபடி துளிர்க்கும்" என்றது காட்டுப்பன்றி, தலையை வெளியே எடுக்காமலே.

மூவரும் சேர்ந்து செடியைப் புரட்டினார்கள். அது நின்ற இடத்தில் வெறும் மண் தெரிந்தது.

"சரி, என்னவோ கேட்டியே?" என்றது முயல்.

அதற்குள் மூக்காயி அடுத்த செடியின் வேரைக் கடிக்கத் தொடங்கியிருந்தது.

நீதி: ஒரு படிப்பைப் பற்றி அறிய, படிக்காதவர் வாயைக் கேட்காதே; படிப்பவர் கையைப் பார்.