திரைக்குப் பின்னால் கேட்ட குறட்டை

முத்தலைக்கரை என்றொரு சின்ன ராச்சியம். கடலைப் பார்த்த கோட்டை, கோட்டையைப் பார்த்த மாதா கோவில். ஞாயிறு தவறாமல் கோவிலில் கூட்டம் நிரம்பி வழியும். ஆனால் இன்னாசி சாமியார் பிரசங்கத்துக்கு எழுந்து "அன்பானவர்களே" என்று சொல்ல வேண்டியதுதான், முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுவார். அது பின்வரிசைக்குத் தொற்றும். கால் மணி நேரத்தில் கோவில் முழுக்கத் தூங்கி வழியும்.

ஒருநாள் சாமியார் மனம் நொந்து அரண்மனைக்கே வந்துவிட்டார்.

"மகாராஜா, நான் வேறு ஊருக்குப் போகிறேன். இங்கே தாலாட்டுப் பாட ஒருவரை வைத்தால் போதும்."

சவரிராய மகாராஜா பதறிப்போனார். பேதி கண்ட வருஷத்தில் ஓட முடிந்தவர்கள் எல்லாம் ஊரைவிட்டு ஓடியபோது, நோயாளிகளுக்கு வீடு வீடாகப் போய்க் கஞ்சி ஊற்றிய மனிதர் சாமியார். அவரை எப்படி விடுவது?

திவான் மதலைமுத்து இப்படி ஒரு சமயத்துக்காகத்தான் காத்திருந்தார். அரண்மனை விகடன் ஞானாதிக்கம் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார், திவானுக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, இதற்கு ஞானாதிக்கத்தை விட்டால் ஆள் கிடையாது. வருகிற ஞாயிறு பிரசங்கத்தில் ஒருத்தரும் தூங்காமல் அவர் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு தலை ஆடினாலும் அவர் ஊரைக் காலி செய்யட்டும். தூங்குகிறவர்களை நானே எண்ணிச் சொல்கிறேன்."

ராஜாவும் இருந்த கலக்கத்தில் "அப்படியே ஆகட்டும்" என்றார்.

ஞானாதிக்கம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். அவன் மனைவி லூர்தம்மாள் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"ஏன்டி, இன்னும் நாலு நாள் இருக்கே?"

"போன வாரம் நானே தூங்கினேன். எந்த ஊருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஞாயிறு காலை ஞானாதிக்கம் கோவில் வாசலில் போய் நின்றுகொண்டான். உள்ளே போகிற ஒவ்வொருவர் காதிலும் ஒரே ஒரு வரியைச் சொன்னான்.

"இன்றைக்குப் பிரசங்கத்தில் உங்களைப் பற்றி வருகிறது."

கேட்டவர் முகம் வெளுக்கும். "என்னைப் பற்றியா? என்ன வருது?" என்று கேட்பார். "அது தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுவான். திவான் காதிலும் அதையே சொன்னான்.

சாமியார் எழுந்தார். "அன்பானவர்களே" என்றார். ஒரு கொட்டாவி இல்லை. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் பெருகிய கதையைச் சொன்னார். "மீன்" என்றதும், பழைய மீனைப் புதுசென்று விற்ற சந்தனமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மிச்சத்தைக் கூடைகளில் சேர்த்தார்கள்" என்றதும், தினமும் மிச்சத்தைத் தன் வீட்டுக்கே கடத்துகிற அரண்மனைச் சமையல்காரர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். "அந்தச் சிறுவன் கையில் இருந்ததை ஒளிக்காமல் கொடுத்தான்" என்றதும் திவானுக்கு வேர்த்துக் கொட்டியது. அரண்மனை வெள்ளி வெற்றிலைப் பெட்டி ஆறு மாதமாக அவர் வீட்டுப் பரணில் இருந்தது.

அத்தனை பேரும் கண்கொட்டாமல் கேட்டார்கள். ராஜா அமர்கிற பட்டுத்திரைப் பக்கமிருந்து மட்டும் 'கொர்ர்' என்று ஒரு சத்தம், பிரசங்கம் முடியும்வரை சீராக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் சபை கூடியது.

"திவான், எத்தனை பேர் தூங்கினார்கள்?" என்று ராஜா கேட்டார்.

திவான் தலையைச் சொறிந்தார். "பிரசங்கத்தில் லயித்து... எண்ண மறந்துவிட்டேன், மகாராஜா."

சாமியார் முகம் பூத்திருந்தது. "என் ஆயுசில் ஜனங்கள் இப்படிக் கேட்டதில்லை, மகாராஜா. நான் இங்கேயே இருக்கிறேன். ஆனால் பொய் சொல்லக்கூடாது. ஒரு குறட்டை கேட்டது."

திவானுக்கு உயிர் வந்தது. "அப்படியானால் ஞானாதிக்கம் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்."

"யார் அந்தத் தூங்குமூஞ்சி?" என்று ராஜா கோபமாகக் கேட்டார்.

ஞானாதிக்கம் வாசலில் தான் செய்ததைச் சொன்னான்.

"கோவில் வாசலிலேயே பொய்யா?" என்றார் திவான்.

"பொய் எங்கே, திவான் அவர்களே? சாமியார் பாவிகளைப் பற்றிப் பேசாத ஞாயிறு உண்டா? எல்லோரிடமும் சொன்னேன், மகாராஜா. ஒருவரிடம் மட்டும் சொல்ல நா எழவில்லை. அவர்தான் தூங்கினார். அவர் திரைக்குப் பின்னால் உட்காருகிறவர்."

ராஜாவின் மீசை ஒருமுறை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் கைக் காப்பைக் கழற்றி ஞானாதிக்கத்தின் கையில் மாட்டினார்.

"நீ எங்கும் போக வேண்டாம். வருகிற ஞாயிறு எனக்கும் காதில் சொல்லிவிடு. பிரசங்கத்தில் என்னைப் பற்றி வருகிறது என்று சொல்."

ஞானாதிக்கம் பணிவாகக் கும்பிட்டான்.

"சொல்கிறேன், மகாராஜா. ஆனால் உங்களைப் பற்றிச் சொல்லி முடிக்க ஒரு ஞாயிறு போதுமா என்று சாமியாரைக் கேட்டுக்கொள்கிறேன்."