மஞ்சள் சிவந்த கதை

கிழங்கும் கிளிஞ்சலும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கழிமுகத்து ஓரம் ஒரு மேட்டில் மஞ்சள் வளர்ந்து வந்தாள். அவளைத் தேடி யாரும் வந்ததில்லை. ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும். அவளுக்கென்று இருந்த ஒரே உறவு கிளிஞ்சல்தான். நீர் ஏறும்போதெல்லாம் கரைக்கு வந்து, கடலில் கண்டதையும் கேட்டதையும் சொல்லிவிட்டுப் போவாள். ஒரு வருஷம் பெருவெள்ளத்தில் மேடு கரையத் தொடங்கியபோது, கிளிஞ்சல் தன் கூட்டத்தையே கூட்டிவந்து மேட்டைச் சுற்றி அணையாகக் கிடந்தாள். நான்கு நாள் அப்படியே கிடந்தார்கள். மஞ்சளின் வேர் தப்பியது. அதற்குப் பிறகு அவளை அக்கா என்றுதான் மஞ்சள் கூப்பிட்டாள்.

அந்தக் கரையில் கூத்தன் என்பவன் தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயித்திருந்தான். எத்தனை முறை பூசினாலும் அவன் வீட்டு மண்சுவர் மழைக்குக் கரைந்தது. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக நீற்றிப் பூசினால் சுவர் நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தான். ஆனால் நீர் வற்றும்போது கிளிஞ்சல்கள் எங்கே போய் ஒளிகின்றன என்பது மனிதர் யாருக்கும் தெரியாது. மஞ்சளுக்குத் தெரியும்.

அவன் மேட்டுக்கு வந்தான். அவள் வேருக்கு மண் அணைத்து, தண்ணீர் ஊற்றி, நயமாகப் பேசினான். இடத்தைச் சொன்னால் இனித் தன் குலத்தில் எந்த நல்ல காரியமும் அவள் இல்லாமல் நடக்காது, முதல் மரியாதை அவளுக்குத்தான் என்றான்.

"அவர்களை என்ன செய்வாய்?" என்று மஞ்சள் கேட்டாள்.

"என் வீட்டுக்குக் கொண்டுபோவேன். நீயும் அங்கேதானே வரப்போகிறாய்?"

அவன் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், கல்யாண வீட்டின் நடுவில் தான் வீற்றிருப்பதை நினைத்துப் பார்த்தாள். கண்டல் மரங்களுக்குப் பின்னால், மூன்றாவது வாய்க்கால் சேற்றில் என்று சொல்லிவிட்டாள்.

கூத்தனின் ஆட்கள் கிளிஞ்சல்களைக் கூடை கூடையாக அள்ளிப் போனார்கள். மூன்று நாள் சூளை புகைந்தது. காற்று புகையை மேட்டுப் பக்கமே தள்ளியது. மஞ்சள் இலைகளை மடக்கிக்கொண்டு நின்றாள்.

கூத்தன் வாக்குத் தவறவில்லை. கல்யாணத்தன்று அவளைத் தோண்டி எடுத்து, கழுவி அரைத்து, தாம்பாளத்தின் நடுவில் வைத்தான். சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஒருத்தி, அதே விரலால் மஞ்சளைத் தொட்டாள். தொட்ட இடம் எரிந்தது. எரிச்சலுக்குள்ளிருந்து பழகிய குரல் கேட்டது.

"எங்கள் வீட்டு வழியை நீதான் சொன்னாயாமே?"

அதில் கோபம் இல்லை. கிளிஞ்சல் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மஞ்சளுக்கு உடம்பெல்லாம் குப்பென்று சிவந்தது.

பெண்களுக்கு அந்த நிறம் பிடித்துப்போயிற்று. இரண்டையும் தண்ணீரில் கரைத்து, மணப்பெண்ணுக்குச் சுற்றி, வாசலில் கொட்டினார்கள். வந்தவர்கள் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

தாம்பாளத்தில் மிஞ்சிய மஞ்சளைப் பார்த்து, பந்திக்கு நறுக்கி வைத்திருந்த எலுமிச்சைக்கு இரக்கம் வந்தது. சில சொட்டு விட்டது. சிவப்பு போய்ப் பழைய நிறம் திரும்பியது. "பார், எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறாய்" என்றது எலுமிச்சை. மஞ்சளும் கொஞ்ச நேரம் அதை நம்பினாள். பிறகு யாரோ சுண்ணாம்புக் கையோடு தாம்பாளத்தை எடுத்தார்கள். மறுபடி சிவந்தாள். இம்முறை கிளிஞ்சல் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் யாரோடும் பேசவுமில்லை.

அன்றைக்குச் சிவந்தவள்தான், எத்தனை எலுமிச்சை பிழிந்து மாற்றினாலும், சுண்ணாம்பு பட்டால் இன்றும் மஞ்சள் சிவந்துபோகிறாள். அந்தச் சிவந்த நீரை நாம் ஆலம் என்கிறோம், மங்கலம் என்று சொல்லி வாசலில் கொட்டுகிறோம்.