மழவராயனின் குதிரை

முதலில் வம்பைத் தொடங்கியவன் பூவன்தான். யானைகளுக்குப் புல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்த பயல். தளபதி மழவராயன் குட்டியிலிருந்து வளர்த்த நீலன் என்ற போர்க்குதிரையை ஓட்டிக்கொண்டு மலையேறிவிட்டான். அங்கே ஒரு கூட்டம் சேர்த்து, அரசனின் தானிய வண்டிகளை மடக்க ஆரம்பித்தான்.

அவனைப் பிடிக்க மழவராயன் பெரும்படையோடு போகாத கோடை இல்லை. போனபோதெல்லாம் அடுப்புச் சாம்பல் சூடாக இருந்தது. ஆள்தான் இல்லை.

இந்த முறையும் வெறுங்கையோடு திரும்பினால் தளபதியின் வாள் வேறொருவன் இடுப்புக்குப் போகும் என்று அரசன் சொல்லிவிட்டான்.

அடிவாரத்தில் படையை அணிவகுக்கச் சொல்லிவிட்டு, மழவராயன் பாறைமேல் குடியிருந்த தன் குருவைத் தேடி ஏறினான். நரைத்த மீசை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"பூவனும் உங்களிடம் வந்தானாமே?"

"வந்தான்."

"எனக்குச் சொல்லாத எதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்?"

"கஞ்சி கேட்டான். ஊற்றினேன்."

"மறைக்காதீர்கள் சாமி. என் பாசறைப் பிள்ளைகள் சண்டை விளையாடுகிறார்கள். எல்லாப் பயலும் பூவனாம். மழவராயனாக இருக்க ஒருத்தனும் வரவில்லை. கடைசியில் ஒரு நொண்டி ஆட்டைப் பிடித்து மழவராயன் என்று கட்டிவைத்தார்கள்!"

குரு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"என்னிடம் இருப்பதில் எது அவனிடம் இருக்கிறது? யானையா? தேரா? முரசா?"

"உட்கார். உன் முரசு முழங்கட்டும்."

கீழே படை புறப்படும் முரசு முழங்கியது. பாறை அதிர்ந்தது. அது அடங்குவதற்குள் எதிர்மலையிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. நீளமாக, ஆசையாக.

மழவராயன் துள்ளி எழுந்தான். "நீலன்! என் நீலன்!"

"பூவன் குகைக்குள் தூங்குவான். நீலன் தூங்கமாட்டான். முரசு கேட்டதும் நீ வருகிறாய் என்று எழுந்து நின்று கூப்பிடுவான். ஒவ்வொரு தடவையும் எனக்கு இங்கே கேட்கும்."

மழவராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "முரசில்லாமல் பதுங்கிப் போனால் திருடன் என்பார்கள். தளபதி என்று எவன் சொல்வான்?"

கீழே மறுபடியும் முரசு. அங்கே மறுபடியும் கனைப்பு.

"வாள் போனாலும் போகட்டும் சாமி. என் குதிரையை அவன் என் கையில் தந்தாக வேண்டும். சாகும்வரை நான் நீலனை மறக்கமாட்டேன்."

"நீலனும் உன்னை மறக்கவில்லை" என்றார் குரு. "அதனால்தான் பூவன் இன்னும் உயிரோடு இருக்கிறான்."