ஜெரோம் படகின் பழைய வால்வு

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். ஒரு வீடு. அதன் தரையில் வீட்டுக்காரரே துளை போட்டு, துளைக்கு ஒரு கதவும் வைத்திருக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் எப்போதும் நிற்கிறான். திறந்து கிடந்தால் கேட்காமல் உள்ளே வருவான். வீடு நிறைகிறவரை வருவான். வீடு எது? அவன் யார்?

படகு, கடல் என்று சொன்னவர்கள் சரியாகச் சொன்னீர்கள். கதவுதான் வால்வு. பன்னிரண்டு வயதுப் பவுலினுக்கு இந்த விடுகதையை யாரும் போட வேண்டியதில்லை.

புதுச்சேரியில் ஆற்றோரம் அவளுடைய அத்தை மார்த்தா பைபர் படகுப் பட்டறை வைத்திருக்கிறாள். பள்ளி விட்டதும் பவுலின் அங்கே வேலை பழகுவாள். இப்போது பட்டறையில் கட்டைகள்மேல் நின்ற பழைய பாய்மரப் படகு அவளுடைய அப்பா ஜெரோமுடையது. ஆடிக்காற்றில் அது முகத்துவாரத்தில் மூழ்கியது. படகை மீட்டார்கள். அப்பாவையும் எடுத்தார்கள். உயிர் இல்லை.

அன்று படகில் இருந்தது அப்பாவும் மகளும்தான். அடித்தளத்தில் வால்வோடு இணைந்திருந்த குழாய் கழன்று, கடல்நீர் உள்ளே பீறிட்டது. சுக்கானைப் பிடித்திருந்த அப்பா, "வால்வை மூடுடி!" என்று கத்தினார். இருட்டில் பவுலின் கைப்பிடியைத் திருகினாள். "மூடிட்டேன்ப்பா!" என்றாள்.

அப்பா நம்பினார். தண்ணீர் வேறெங்கிருந்தோ வருகிறது என்று தேட உள்ளே இறங்கினார். அவளை மேலே அனுப்பினார். மீன்பிடிப் படகு ஒன்று வந்தபோது மேலே இருந்தவள் மட்டும் கைக்கு எட்டினாள்.

படகை இப்போது வேறொருவர் வாங்கியிருந்தார்.

"வால்வை நான் மாத்துறேன் அத்தை," என்றாள் பவுலின்.

"மாத்து."

அத்தை பக்கத்தில் நின்றாள், கை வைக்கவில்லை. பவுலின் பழைய வால்வைப் பெயர்த்து எடுத்தாள். அதன் கீழே ஊறி மக்கியிருந்த பலகையைச் சுரண்டி எறிந்தாள். துளையின் விளிம்பைத் தேய்த்து, ரெசின் பூசி, காயவிட்டாள். புது வால்வுக்குப் பசை வைத்து, நட்டை முடுக்கினாள். பசை சுற்றிலும் ஒரே அளவாகப் பிதுங்கியது. அத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி," என்றாள்.

படகின் உள்ளறைச் சுவரில், மூழ்கியபோது படிந்த சேற்றுக்கோடு மட்டும் எவ்வளவு கழுவியும் போகவில்லை.

படகை இறக்கும் நாள். விடாத தூறல். பழைய வால்வு பவுலினின் கையில் இருந்தது. அதன் வாயில் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. கைப்பிடி அசையவில்லை; உப்பு ஏறி இறுகிவிட்டது.

"அத்தை, அன்னைக்கு நான் மூடினேனா, இல்லையா?"

அத்தை அதை வாங்கி, வைஸின் இரும்புத் தாடைகளுக்குள் கவ்வவைத்தாள். பக்கத்தில் இரும்பறுக்கும் ரம்பத்தை வைத்தாள்.

"அறுத்தா தெரியும். உள்ளே கதவைத் திருப்புற தண்டு ஒடிஞ்சிருந்தா, நீ சரியாத்தான் திருகியிருக்கே. வால்வுதான் மூடல."

"ஒடியாம இருந்தா?"

"இருட்டுல மறுபக்கம் திருகிட்டே."

பவுலின் ரம்பத்தைப் பார்த்தாள். "ஒடிஞ்சிருந்தா யார் தப்பு?"

"பித்தளை செவந்து உளுத்துப்போச்சு, மாத்திடுன்னு எங்கண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன். சீசன் முடியட்டும்னான்."

"அப்போ அப்பா தப்பு. இல்லேன்னா என் தப்பு."

"ஆமா."

வெளியே கிரேன் ஓட்டும் சிலுவைராஜ் மேலே இருந்து குரல் கொடுத்தார். "அக்கா, மாநாடு முடிஞ்சுதா? தண்ணி வத்திட்டா படகைச் சேத்துலதான் நடணும்!"

"வாயை நட்டுவை. வர்றோம்."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். வால்வு போட்டவர்தான், படகு தண்ணீரில் இறங்கும்போது உள்ளே அதன் பக்கத்தில் உட்கார வேண்டும். கையில் மரச்சக்கை என்ற கூம்புக் கட்டை இருக்கும், வால்வு கழன்றுவிட்டால் துளையில் அடித்து அடைக்க.

"இன்னைக்கு உனக்குப் பதிலா நான் உட்கார்றேன்," என்றாள் அத்தை. "நீ இங்கே இருந்து அறு."

"நாளைக்கு அறுக்கட்டுமா?"

"பழைய பித்தளை எடுக்கிறவர் இப்ப வந்துருவார். கெட்ட வால்வை ஒருநாளும் இங்க வச்சதில்ல. கிடந்தா எவனாவது எடுத்து இன்னொரு படகுல மாட்டிருவான்."

தகரக் கூரையில் தூறல் வலுத்தது.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க அத்தை?"

மார்த்தா மரச்சக்கையை எடுத்தாள். அதன் கூர்முனையைத் தடவினாள்.

"அறுத்தா ஒருத்தரை மன்னிச்சாப் போதும். அறுக்காட்டா ரெண்டு பேரையும் மன்னிக்கணும். எது லேசுன்னு எனக்கு இன்னும் தெரியலடி."

பவுலின் வைஸைத் தளர்த்தினாள். வால்வைப் பித்தளைக் கூடையில் போட்டாள். அத்தையின் கையிலிருந்து மரச்சக்கையை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். உள்ளே போய்ப் புது வால்வின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேற்றுக்கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது.