மூன்று மகன்களும் வரிசையில் நின்ற கதை

பிராங்கியர் நாட்டை எத்தனையோ அரசர்கள் ஆண்டு மறைந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு, சிரிக்காமல் ஒரு நாளும் உணவு இறங்காது. அவனைச் சிரிக்க வைப்பவர் வாலபெர்ட் பிரபு. அதனாலேயே ராகன் என்ற இன்னொரு பிரபுவுக்கு அவர்மேல் தீராத பொறாமை.

ஒருநாள் விருந்தில் ராகன் சொன்னான்: "அரசே, வாலபெர்ட்டுக்கு மூன்று மகன்கள். சிங்கம் போன்றவர்கள். அவர்கள் ஒன்றாகப் போருக்குப் போகும் அழகைத் தாங்கள் காண வேண்டாமா?"

அரசனுக்கு ஆசை வந்துவிட்டது. புனிதரின் எலும்பு வைத்த பேழைமேல் கைவைத்து ஆணையிட்டான்: "வசந்தகாலப் படைதிரட்டில் மூவரும் என் முன் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒருவன் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. ஒருவன் வராவிட்டாலும் வாலபெர்ட்டின் நிலமெல்லாம் ராகனுக்கு!"

வாலபெர்ட் மெல்ல எழுந்தார். "அரசே, மூத்தவன் கிரிமோவும் அடுத்தவன் அன்சோவும் சென்ற ஆண்டு தங்கள் போரில் இறந்துவிட்டார்கள்."

அரசன் மறந்தே போயிருந்தான். ராகன் மறக்கவில்லை.

"பேழைமேல் சொன்ன சொல்லை மாற்ற முடியாதே, வாலபெர்ட்!" என்றான் அரசன். பிறகு அவன் முகம் மலர்ந்தது. "நீர்தான் சாமர்த்தியசாலி ஆயிற்றே. ஏதாவது செய்யும், பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்த வாலபெர்ட் மண்வெட்டியை எடுத்தார். மனைவி இர்மினாவுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாங்க. அவங்கள மறுபடியும் எழுப்பாதீங்க."

"எழுப்பலைன்னா கடைக்குட்டி லான்டோவையும் போருக்கு அனுப்பணும், இர்மினா. நிலமும் போயிடும்."

அவள் கல்லறைப் பக்கம் வரவேயில்லை.

படைதிரட்டு நாளன்று மாட்டுவண்டியிலிருந்து இரண்டு சவப்பெட்டிகளை இறக்கி நிமிர்த்தி வைத்தார்கள். அவற்றின் அருகில் கடைசி மகன் லான்டோ வேலோடு நின்றான். நாற்றம் தாங்காமல் வீரர்கள் விலகினார்கள்.

"தங்கள் ஆணைப்படி மூவரும் வந்திருக்கிறார்கள், அரசே" என்றார் வாலபெர்ட்.

"வந்தால் போதுமா? போருக்கு நடக்கட்டும்!" என்று கத்தினான் ராகன்.

"நடப்பார்கள். ஒருவன் முந்தக் கூடாது என்பது அரசர் ஆணை. மூத்தவன் அடியெடுத்து வைக்கட்டும். அதே நொடியில் இளையவனும் வைப்பான்."

பிறகு அரசன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தான். சபை முழுவதும் சேர்ந்துகொண்டது.

"ஆணையும் நிறைவேறிவிட்டது! நிலம் உம்முடையதே. அண்ணன்கள் நடக்கும்வரை லான்டோ வீட்டில் இருக்கட்டும். ராகன், மூவருக்கும் பதிலாக நீ முன்வரிசையில் போ!" என்ற அரசன், தன் பொன் இடைவாரை அவிழ்த்து வாலபெர்ட்டின் இடுப்பில் தானே கட்டிவிட்டான்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்த பிறகு லான்டோ சொன்னான்:

"அரசர் சிரிச்சப்ப நீங்களும் சிரிச்சீங்கப்பா."

"ஆமா" என்றார் வாலபெர்ட். பெட்டிகள் ஆடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மாட்டை மெதுவாக ஓட்டினார்.